‘பிக்கர்’ என்பதில் ஜி ஏன் இரண்டு? கல்லும் காலும் சொல்லும் பதில்

நீங்கள் கேட்டது இது. ‘பிக்’ என்ற சொல் ‘பிக்கர்’ ஆகும்போது ஜி இரட்டிக்கிறது. ‘ஸ்வீட்’ என்ற சொல் ‘ஸ்வீட்டர்’ ஆகும்போது டி இரட்டிக்கவில்லை. ‘ஹேப்பி’யில் ஒய் போய் ஐ வருகிறது, ‘கிரே’யில் ஒய் அப்படியே நிற்கிறது. சில சொற்களுக்கு ‘மோர்’ போட வேண்டுமாம், சிலவற்றுக்குக் கூடாதாம். இத்தனையையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா, இல்லை உள்ளே ஏதாவது நியாயம் இருக்கிறதா? கூடவே ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதில் எங்கே தவறு என்றும் கேட்டிருக்கிறீர்கள்: ‘ஷி இஸ் வெரி பெட்டர் தேன் மீ அண்ட் ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடண்ட்.’

நியாயம் இருக்கிறது. அதில் முக்கால்வாசி உங்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. பல வருடங்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பிறகுதான் இதை நான் கவனித்தேன். முதல் நாளே கவனித்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை குறைந்திருக்கும்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எழுத்துக்கூட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘பி-ஐ-ஜி’ என்று கோடு போட்டுப் பிரிக்கிறேன்.

முதலில், சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ‘அவனைவிட இவன் உயரம்’ என்கிறோம். ‘எல்லாரையும்விட இவன் உயரம்’ என்கிறோம். இரண்டிலும் ‘உயரம்’ துளியும் மாறவில்லை. ஒப்பிடும் வேலை முழுவதையும் ‘அவனைவிட’, ‘எல்லாரையும்விட’ என்ற பகுதியே தூக்கிச் சுமக்கிறது. யாரோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரில் தமிழ் கை வைக்கிறது. பண்பைச் சொல்லும் சொல்லை விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் பண்புச் சொல்லே உருமாற வேண்டும். ‘டால்’, ‘டாலர்’, ‘டாலஸ்ட்’. இரண்டாவது உருவம் கம்பேரட்டிவ், மூன்றாவது சூப்பர்லேட்டிவ். சொல்லின் வாலில் இ-ஆர், இ-எஸ்-டி என்று ஓர் ஈறு வந்து ஒட்டுகிறது. இரண்டு ஈறுகளும் உயிரெழுத்தில் தொடங்குகின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் ஈறு சேர்ந்தால் என்ன நடக்கும்? இது தமிழில் நாம் தினமும் செய்கிற புணர்ச்சிதான்.

‘கல்’லோடு ‘ஐ’ சேருங்கள்: கல்லை. ‘கால்’ஓடு ‘ஐ’ சேருங்கள்: காலை. பல், பல்லை, பால், பாலை. மண், மண்ணை, மீன், மீனை. குறில் வந்த இடத்தில் மெய் இரட்டித்தது, நெடில் வந்த இடத்தில் இரட்டிக்கவில்லை. இன்னும் ஒன்று: ‘கடல்’ஓடு ‘ஐ’ சேர்த்தால் கடலை, யாரும் ‘கடல்லை’ என்பதில்லை. ல்-க்கு முன்னால் நிற்பது குறில்தான், ஆனால் அது தனியாக நிற்கவில்லை. அதற்கு முன்னும் ஓர் எழுத்து உண்டு. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இதை நன்னூலில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.’

இப்போது இதே வரியை ஆங்கிலத்தில் வைத்துப் பாருங்கள். ‘பிக்’: ஒரே அசை, அதாவது ஒரே ஒலித்துண்டு, ஒரு குறில், கடைசியில் ஒரே மெய். உயிரில் தொடங்கும் ஈறு வருகிறது. எனவே இரட்டும்: பி-ஐ-ஜி-ஜி-இ-ஆர். ஹாட், தின், வெட், சாட், ரெட், ஃபிட், ஸ்லிம், ஃப்ளாட், டிம் எல்லாம் கல்லைப் போன்றவை. கடைசி மெய்யை இரண்டாக எழுத வேண்டும். சூப்பர்லேட்டிவிலும் அப்படியே: பிக்கஸ்ட், ஹாட்டஸ்ட், தின்னஸ்ட். ‘ஸ்வீட்’டில் இருப்பது நெடில், அது காலைப் போன்றது. டீப், சீப், வீக், க்ளீன், கூல், லவுட், கிரேட் எதுவும் இரட்டிக்காது. ‘ஸ்டுபிட்’ கடலைப் போன்றது. அதில் இரண்டு அசைகள். கடைசியில் நிற்கும் குறில் தனிக்குறில் இல்லை. ‘ஸ்டுபிடர்’ என்பதில் ஒரே டி. ‘குவயட்’டும் அப்படித்தான்.

இரண்டு மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று இதைக் கடன் வாங்கவில்லை. இரண்டும் ஒரே வழியைப் பிடித்தன. ஆனால் ஒரு வேறுபாட்டை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘கல்லை’ என்னும்போது இரண்டு ல் நம் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தில் இரட்டிப்பு தாளில் மட்டும்தான். ‘பிக்கர்’ என்று ஆங்கிலேயர் சொல்லும்போது ஒரே ஒரு ஜி-தான் ஒலிக்கிறது. பிறகு எதற்காக இரண்டு? முன்னால் இருக்கும் குறிலைக் காப்பாற்ற.

ஒருமுறை ஒரு பிள்ளை நோட்டில் எச்-ஓ-டி-இ-ஆர் என்று எழுதியிருந்தாள். ‘ஹாட்டர்’ என்று எழுத நினைத்தாள். அதை அடிக்காமல், அவளிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘ஹாட்டர்’ என்றாள். பக்கத்தில் என்-ஓ-டி-இ என்று எழுதி, ‘இது என்ன?’ என்றேன். ‘நோட்.’ அதில் டி-க்குப் பின்னால் இ வந்ததும் முன்னால் இருக்கும் ஓ நீள்கிறது அல்லவா, இப்போது நீ எழுதியதைப் படி என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘ஹோட்டர்’ என்றாள். அவளே இன்னொரு டி-யை நடுவில் நுழைத்தாள். அந்த இரண்டாவது டி ஒரு சுவர். பின்னால் வருகிற இ, முன்னால் இருக்கும் ஓ-வைத் தொட்டு நீட்டிவிடாதபடி அது தடுக்கிறது. ‘டைனர்’, ‘டின்னர்’ என்ற இரண்டு சொற்களையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு என் இருந்தால் டைனர், இரண்டு என் இருந்தால் டின்னர்.

சுவர் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இன்னொன்று எழுப்ப வேண்டியதில்லை. ‘ஃபாஸ்ட்’, ‘லாங்’, ‘திக்’, ‘ரிச்’, ‘டார்க்’ போன்றவை இரண்டு மெய்யெழுத்துகளில் முடிகின்றன. அவற்றோடு இ-ஆர் அப்படியே ஒட்டும். டபிள்யூவில் முடியும் ‘ஸ்லோ’, ‘லோ’, ‘நியூ’ போன்றவையும் இரட்டிக்காது, ஏனென்றால் அங்கே டபிள்யூ மெய்யாக ஒலிக்கவே இல்லை, உயிரோடு கரைந்துவிட்டது. ‘லாக்ஸ்’ என்பதன் எக்ஸ் எழுத்தில் ஒன்று, ஒலியில் க்-ஸ் என இரண்டு. அதுவும் இரட்டிக்காது.

சுத்தமாகக் காதை நம்பக்கூடாத இடம் ஒன்றும் உண்டு. ‘டெஃப்’ என்பது ஒலியில் குறில். ஆனால் எழுத்தில் இ, ஏ என இரண்டு உயிர்கள். ஆங்கிலம் எழுத்தைத்தான் எண்ணுகிறது. ஆகவே ‘டெஃபர்’ என்பதில் ஒரே எஃப். ‘க்ரூயல்’ என்ற சொல்லில் பிரிட்டனும் அமெரிக்காவும் பிரிந்து நிற்கின்றன. பிரிட்டனில் இரண்டு எல் போட்டு ‘க்ரூயலர்’ எழுதுவார்கள், அமெரிக்காவில் ஒன்று. ‘டிராவலர்’ என்ற சொல்லிலும் இதே பிரிவுதான். எதைப் பின்பற்றினாலும் சரி, ஒரே கட்டுரைக்குள் கலக்காமல் இருந்தால் போதும்.

இத்தனை தெரிந்தும் நம்மவர்கள் ‘ஸ்வீட்டர்’ என்பதற்கு இரண்டு டி போடுகிறார்களே, ஏன்? இதை நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எந்த ஆங்கில இலக்கணப் புத்தகமும் இதைச் சொல்லித் தராது. காரணம் நம் தமிழ் எழுத்து. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை ட வந்தால் அதை நாம் மெலிதாக, ‘பாடம்’ என்பதில் வருவதுபோல் உச்சரிப்போம். வல்லோசை வேண்டுமென்றால் ‘பாட்டம்’ என்று இரட்டித்தே எழுத வேண்டும். எனவே ஸ்வீட்டர், சீப்பர், வீக்கர், ஒயிட்டர் என்று தமிழில் எழுதும்போது நெடிலுக்குப் பின்னாலும் மெய் இரட்டித்து நிற்கிறது. தமிழில் அது சரி. அந்த உருவம் கண்ணில் பதிந்த பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு டி, இரண்டு பி போட்டுவிடுகிறது. இதன் மறுபக்கமும் நடக்கிறது. ‘ரெட்’டோடு இ-ஆர் சேர்த்தால் வரும் ஒலியை நாம் ‘ரெடர்’ என்போம், ‘சாட்’டை ‘சாடர்’ என்போம். மெல்லிய ஒலி, தமிழில் ஒற்றை எழுத்து. எனவே ஆங்கிலத்தில் இரண்டு டி வர வேண்டிய இடத்தில் ஒன்றே எழுதப்படுகிறது. ஒரே காரணம், இரண்டு எதிர்த்திசைத் தவறுகள். தப்பிக்க ஒரே வழி, மெய்யை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருக்கும் உயிரைப் பார்ப்பது. ஒலி வன்மையா மென்மையா என்பது வேண்டாம். கல்லா, காலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கடைசியில் ஊமையாக நிற்கும் இ. லார்ஜ், நைஸ், ஒயிட், வைஸ், சேஃப் எல்லாம் எழுத்தில் இ-யில் முடிகின்றன. இவற்றோடு இ-ஆர் சேரும்போது இரண்டு இ வராது, எல்-ஏ-ஆர்-ஜி-இ-ஆர்தான். இதற்கும் நம்மிடம் நல்ல துணை உண்டு. ‘காசு’, ‘ஐ’ இரண்டும் சேர்ந்தால் காசை. கடைசி உகரம் ஓடிவிடுகிறது. ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ என்பதும் நன்னூல்தான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஓடுவது ஊமை இ. வெறும் ஆர், வெறும் எஸ்-டி மட்டும் சேர்த்தால் போதும் என்றும் இதைச் சொல்லலாம், விளைவு ஒன்றே. ‘ஃப்ரீ’ என்ற சொல்லில் இரண்டு இ இருப்பதால் பலர் தயங்குவார்கள். ‘ஃப்ரீயர்’ எழுதும்போது எஃப்-ஆர்-இ-இ-ஆர். மூன்று இ அடுக்கக் கூடாது.

இங்கே ஒரு சொல்லின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. ‘லேட்’ என்பதன் கம்பேரட்டிவ் ‘லேட்டர்’, ஒரே டி. ஆனால் இரண்டு டி போட்ட ‘லாட்டர்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. இரண்டில் பின்னது என்று பொருள். பலர் இவை இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். உண்மையில் இரண்டும் ஒரு தாய் மக்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் உயிர் குறிலாக இருந்தது. அந்தக் காலத்துக் கம்பேரட்டிவ்தான் குறிலையும் இரட்டை டி-யையும் விடாமல் ‘லாட்டர்’ என்று நிலைத்துவிட்டது. அதன் பழைய சூப்பர்லேட்டிவ் தேய்ந்து தேய்ந்து ‘லாஸ்ட்’ ஆனது. மூலச்சொல் மட்டும் காலப்போக்கில் நெடிலாகி ‘லேட்’ என்று ஆனபோது, அதற்குப் புதிதாக ‘லேட்டர்’, ‘லேட்டஸ்ட்’ என்று ஒரு சோடி பிறந்தது. காலத்தில் பிந்தியது என்றால் லேட்டர். சொன்ன இரண்டில் இரண்டாவது என்றால் லாட்டர். எழுத்தைப் பாருங்கள்: நெடிலுக்கு ஒரு டி, குறிலுக்கு இரண்டு.

ஒய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய கையெழுத்துப் படிகளில் ஐ, ஒய் இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதினார்கள். பிறகு மெல்ல ஒரு வழக்கம் நிலைத்தது: சொல்லின் கடைசியில் ஒய், நடுவில் ஐ. ‘ஹேப்பி’யின் கடைசியில் ஒய் நிற்கிறது. இ-ஆர் வந்து ஒட்டியதும் அது கடைசி எழுத்து இல்லை, நடு எழுத்து ஆகிவிட்டது. எனவே ஐ ஆகிறது. ஈஸி, ஹெவி, பிஸி, ப்ரெட்டி, டிரை எல்லாம் இந்த வகை. ‘கிரே’யில் ஒய்-க்கு முன்னால் இன்னோர் உயிரெழுத்து இருக்கிறது, அந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஒலியாக நிற்பதால் பிரிப்பதில்லை, ஒய் அப்படியே இருக்கும். ‘ஷை’, ‘ஸ்லை’ இரண்டும் முரண்டு பிடிப்பவை. இவற்றில் ஒய் வைத்து எழுதுவதே இன்று அதிகம், ஐ வைத்தாலும் தவறில்லை. ஈரம் குறைந்தது என்ற பொருளில் ‘டிரையர்’ எழுதும்போது ஐ வையுங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு ஒய் வையுங்கள். இந்த வேறுபாட்டைப் பெரும்பாலான அகராதிகள் ஒப்புக்கொள்கின்றன.

இனி ‘மோர்’. எப்போது ஈறு, எப்போது மோர்? சொல்லின் எழுத்துகளை எண்ணாதீர்கள், அசைகளை எண்ணுங்கள். ஓரசைச் சொல் என்றால் ஈறு. மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் மோர், மோஸ்ட்: மோர் பியூட்டிஃபுல், மோர் டிஃபிகல்ட், மோஸ்ட் இம்பார்ட்டன்ட். நடுவில் நிற்கும் ஈரசைச் சொற்கள்தான் வம்பு. அவற்றுக்கும் ஒரு பிடி உண்டு. ஏற்கெனவே ஒரு வால் ஒட்டிய சொல் இன்னொரு வாலை விரும்பாது. ‘யூஸ்ஃபுல்’, ‘கேர்லெஸ்’, ‘போரிங்’, ‘ஃபேமஸ்’ எல்லாம் ஃபுல், லெஸ், இங், அஸ் என்று வால் முளைத்தவை, அவற்றுக்கு மோர்தான். இ-டி ஈற்றில் வரும் ‘டயர்ட்’, ‘போர்ட்’ போன்றவை காதுக்குக் குட்டையாகக் கேட்டாலும் மோர்தான். ஒய் மட்டும் விதிவிலக்கு. ஒய்-யில் முடியும் ஈரசைச் சொல் தாராளமாக ஈறு ஏற்கும்: ஹேப்பியர், ஈஸியர். இதன் முன்னால் ‘அன்’ சேர்ந்து மூன்றசை ஆனாலும் ஈறு போகாது. ‘அன்ஹேப்பியர்’ சரியான சொல்.

ஓ-டபிள்யூ, எல்-இ, இ-ஆர் ஆகியவற்றில் முடிபவையும் ஈறு ஏற்கும்: நேரோவர், சிம்ப்ளர், க்ளெவரர். ‘காமன்’, ‘பொலைட்’ போன்றவை இரண்டு பக்கமும் போகும். ‘காமனர்’ என்றாலும் ‘மோர் காமன்’ என்றாலும் ஆங்கிலேயர் முகம் சுளிக்க மாட்டார். என் யோசனை இது: ஈரசைச் சொல்லில் சந்தேகம் வந்தால் மோர் போடுங்கள். ‘மோர் நேரோ’ என்பது கொஞ்சம் கனமாகத் தோன்றலாம், பிழை ஆகாது. ஆனால் இந்தச் சலுகையை ஓரசைச் சொற்களுக்கு நீட்டாதீர்கள். ‘மோர் பிக்’ காதில் உறுத்தும். ‘ரியல்’, ‘ராங்’, ‘ஃபன்’ போன்ற சில குட்டைச் சொற்கள் மட்டும் மோரை விரும்புகின்றன.

ஒரே ஒரு இடத்தில் எந்த ஓரசைச் சொல்லுக்கும் மோர் வரலாம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், ஒரே ஆளின் இரண்டு குணங்களை ஒப்பிடும் இடம் அது. ‘கோபத்தைவிட அவனுக்கு வருத்தம்தான் அதிகம்’ என்பதை ‘ஹி வாஸ் மோர் சாட் தேன் ஆங்க்ரி’ என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே ‘சாடர்’ போட்டால் வாக்கியம் நொண்டும். நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்கள்கூடத் தயங்கும் இடம் இது.

எதற்கு இரண்டு வழிகள் வைத்துக்கொண்டு நம்மைப் படுத்துகிறார்கள் என்று தோன்றும். பழைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஈறு ஒன்றே. மோர் போடும் வழி 13ஆம் நூற்றாண்டு வாக்கில் தலைகாட்டி மெல்லப் பரவியது. பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் நீளமான சொற்கள் வந்து குவிந்தபோது, அவற்றின் வாலில் இன்னும் ஓர் அசையைத் தொங்கவிடுவதைவிட முன்னால் ஒரு சொல்லை வைப்பது எளிதாக இருந்தது. எனவே ஈறு ஏற்கும் சொற்களில் பல அந்த மொழியின் பழைய, குட்டையான, அன்றாடச் சொற்கள்.

அன்றாடம் மிக அதிகமாகப் புழங்கும் சொற்கள்தான் எந்த விதிக்கும் அடங்காமல் நிற்கும். குட், பெட்டர், பெஸ்ட். பேட், வர்ஸ், வர்ஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். மச், மோர், மோஸ்ட். இவற்றுக்கு மனப்பாடம்தான் வழி. ஆனால் மொத்தமே ஒரு கைப்பிடிதான். இவற்றில் ‘பெட்டர்’ என்பதற்கும் ‘குட்’ என்பதற்கும் வேர் உறவே கிடையாது. வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை ஒரு குடும்பமாக வாழ்கின்றன. ‘ஓல்ட்’ என்பதற்கு ‘ஓல்டர்’, ‘எல்டர்’ என இரண்டு உண்டு. எல்டர் பழையது, பெரும்பாலும் குடும்ப உறவுக்கு: எல்டர் பிரதர், எல்டர் சிஸ்டர். அதன் பின்னால் ‘தேன்’ வராது. ‘ஷி இஸ் எல்டர் தேன் மீ’ என்று நம்மில் பலர் சொல்கிறோம்; ‘ஓல்டர் தேன் மீ’ என்பதே சரி.

எனக்கு மிகப் பிடித்தது ‘நியர்’. இன்று அது சாதாரணச் சொல், அதன் கம்பேரட்டிவ் ‘நியரர்’. ஆனால் ‘நியர்’ என்பதே ஒரு காலத்தில் கம்பேரட்டிவ்தான்! மூலச்சொல் இன்று பெரும்பாலும் கவிதைகளிலும் பழைய நடையிலும் எஞ்சியிருக்கும் ‘நை’. அதன் கம்பேரட்டிவ் நியர், அதன் சூப்பர்லேட்டிவ் ‘நெக்ஸ்ட்’. ‘மிக அருகில் இருப்பது’ என்ற பொருள்தான் ‘அடுத்தது’ என்று ஆகிவிட்டது. நியர் தன் ஒப்பீட்டுப் பொருளை இழந்ததும் மக்கள் அதன்மேல் இன்னொரு இ-ஆர் ஒட்டினார்கள். ‘லெஸ்ஸர்’ என்பதும் அப்படித்தான். லெஸ் ஏற்கெனவே கம்பேரட்டிவ், அதன்மேல் இன்னொன்று. அது இன்று முழுச் சரியான சொல்.

அப்படியானால் ‘மோர் பெட்டர்’ ஏன் தவறு? ஒரு காலத்தில் தவறில்லை. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சீசரைப் புரூட்டஸ் குத்திய குத்தை ‘மோஸ்ட் அன்கைன்டஸ்ட்’ என்கிறான் ஆண்டனி. மோஸ்டும் உண்டு, இ-எஸ்-டியும் உண்டு. அழுத்தம் கொடுக்க அன்று அப்படி இரட்டிப்பது வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் இதைப் பிழை என்று ஒதுக்கினார்கள். 1762இல் ராபர்ட் லோத் எழுதிய இலக்கணம் அவற்றில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அன்றிலிருந்து எழுத்து ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே ஒப்பீட்டுக் குறிதான்: ஈறு அல்லது மோர். இரண்டும் கூடாது.

நாம் ‘மோர் பெட்டர்’, ‘வெரி பெட்டர்’ என்று சொல்வதற்குக் காரணம் ஷேக்ஸ்பியர் இல்லை, தமிழ். ‘இது இன்னும் நல்லா இருக்கு’, ‘அதைவிட இது ரொம்ப நல்லது’ என்கிறோம். ‘இன்னும்’ மோர் ஆகிறது, ‘ரொம்ப’ வெரி ஆகிறது. நம் ‘ரொம்ப’ எந்தப் பண்புச் சொல்லுக்கு முன்னாலும் நிற்கும். ஆங்கில ‘வெரி’ கம்பேரட்டிவின் முன்னால் நிற்காது. அந்த வேலைக்கு ‘மச்’ அல்லது ‘ஃபார்’ வேண்டும்: மச் பெட்டர், ஃபார் பிக்கர், மச் மோர் பியூட்டிஃபுல். ‘இன்னும்’ என்று சொல்ல வேண்டுமா? ‘ஈவன் பெட்டர்’ என்று இருக்கிறது.

‘சீனியர் தேன் மீ’ என்பதும் நம்மிடம் அடிக்கடி கேட்பது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலேயே கம்பேரட்டிவாக இருந்தவை. அவற்றின் ஐ-ஓ-ஆர் ஈறும் ஆங்கிலத்தின் இ-ஆர் ஈறும் மிகப் பழைய ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. லத்தீன் வீட்டிலிருந்து வந்தவை என்பதால் இவை ‘தேன்’ ஏற்பதில்லை, ‘டு’ ஏற்கும்: சீனியர் டு மீ. முன்னால் மோரும் வேண்டாம்.

முழுமையைக் குறிக்கும் சொற்களை ஒப்பிடலாமா என்ற சண்டையும் உண்டு. ‘பெர்ஃபெக்ட்’ என்றால் குறையே இல்லாதது. அதைவிடக் குறையில்லாதது எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். ஆனால் 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகப்பிலேயே ‘எ மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்றுதான் இருக்கிறது. முழுமையை நோக்கி இன்னும் நெருங்குவது என்ற பொருளில் அது நன்றாகவே நிற்கிறது. ‘யூனிக்’ என்ற சொல்லை மட்டும் தேர்வுத்தாளில் மோரோடு எழுதாதீர்கள். திருத்துபவர் பழைய கட்சிக்காரராக இருந்தால் மதிப்பெண் போகும்.

இப்போது உங்கள் வாக்கியம். ‘வெரி பெட்டர்’ என்பது ‘மச் பெட்டர்’ ஆக வேண்டும். ‘தேன் மீ’ பேச்சில் சரி. ‘என்னைவிட’ என்று நாம் ஐ-உருபு போட்டுச் சொல்வதுபோலத்தான் அதுவும். கடிதத்திலோ விண்ணப்பத்திலோ என்றால் ‘தேன் ஐ ஆம்’ என்று எழுதுங்கள். எழுத்துக்கூட்டும்போது டி-எச்-ஏ-என் என்று ஏ போட வேண்டும். இ போட்டால் ‘அப்போது’ என்ற ‘தென்’ ஆகிவிடும். இது கைத்தவறாக எல்லாரிடமும் வருவது, எழுதி முடித்ததும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அடுத்து, ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட்’ என்றால் பலரில் ஒருவர். அந்தப் பலர் வாக்கியத்தில் தெரிய வேண்டும். எனவே ‘ஸ்டூடண்ட்ஸ்’, கடைசியில் எஸ். தமிழில் ‘சிறந்த மாணவிகளில் ஒருத்தி’ என்னும்போது ‘கள்’ போடுகிறோமே, அதே எஸ்தான் இது. ‘தி’ சரியாகவே போட்டிருக்கிறீர்கள். சூப்பர்லேட்டிவுக்கு முன்னால் அது பெரும்பாலும் வேண்டும்.

‘ஷி இஸ் மச் பெட்டர் தேன் மீ அண்ட் ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடண்ட்ஸ்.’ இரண்டு இடம்தான் மாறியிருக்கிறது.